உங்களுக்குத் தெரியுமா? சிரங்கு மருந்தும் சிறுநீரகமும்

* சிரங்குக்கு மருந்து பூசிய பிள்ளைக்கு இரண்டு மூன்று கிழமை கழித்து முகம் வீங்குகிறது. காலையில் இமை தடித்துக் கண்ணைத் திறக்கச் சிரமப்படுகிறது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போகிறது. கொட்டகலை லயத்தில் என்றாலும் கொழும்பு வீட்டில் என்றாலும் முதல் பழி மருந்தின் மேல்தான் விழும். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி மருந்தல்ல. பிள்ளை இரவெல்லாம் சொறிந்த இடத்தில் தோல் கிழிந்து, அதற்குள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி புகுந்து சீழ் வைத்திருக்கும். அந்தக் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பொருட்கள் கிருமியின் துணுக்குகளோடு சேர்ந்து சிறுநீரக வடிகட்டிகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. புண் ஆறி, எல்லோரும் அதை மறந்துவிட்ட நேரத்தில்தான் சிறுநீரகம் வீங்கும். இரத்த அழுத்தமும் ஏறும். இந்த நிலையில் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. அன்றைக்கே கிளங்கன் ஆஸ்பத்திரிக்கோ வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் முழுதாகத் தேறிவிடுகிறார்கள்.

* அப்படியானால் பூசுகிற மருந்து? பெர்மெத்ரின் கிரீம் தோல் வழியாக இரத்தத்துக்குள் போவது 2 சதவீதத்துக்கும் குறைவு. ஐவர்மெக்டின் மாத்திரையைக் கையாள்வது ஈரல். அது கிட்டத்தட்ட முழுவதும் மலத்தோடு போய்விடுகிறது, சிறுநீரில் 1 சதவீதம்கூட வருவதில்லை. சிறுநீரகத்துக்கு அதில் வேலையே இல்லை. (ஜப்பான் மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்த மருந்து அது. 2015இல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைக்கக் காரணமும் அதுதான்.) 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த மாத்திரையை வழக்கமாகக் கொடுப்பதில்லை. காரணம் வேறு, சிறுநீரகமல்ல.

* டிரினிடாட் தீவின் சான் பெர்னாண்டோ பகுதியில் 1960களிலும், மறுபடி 1971இலும், சிறுநீரக அழற்சி ஊர்பரவல் நோயாகவே வந்தது. 1971 பரவலின் பின்னால் போய்ப் பார்த்தால் அங்கே சிரங்கு நின்றது. தியோடோசியஸ் பூன்-கிங் என்ற மருத்துவரும் அவருடன் வேலைசெய்தவர்களும் இந்தத் தொடர்பை எழுதிவைத்தார்கள். சாலமன் தீவுகளில் இதையே தலைகீழாகச் செய்து பார்த்தார்கள்: ஊர் முழுவதுக்கும் ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். சிரங்கு குறைந்தது, தோல் புண்ணும் குறைந்தது, பிள்ளைகளின் சிறுநீரில் இரத்தம் காண்பதும் குறைந்தது. 2005இல் வெளிவந்த முடிவு இது. சிறுநீரகத்தைக் காக்கச் சிரங்கு மருந்தே உதவியிருக்கிறது!

* சிரங்குப் பூச்சியின் நீளம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மனித உடம்பை விட்டால் சாதாரண அறைச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் செத்துவிடும் என்று புத்தகங்கள் சொல்லும். குளிரும் ஈரமும் இருந்தால் அதைவிட நீண்ட நாள் தாங்கும் என்பதும் ஆய்வில் தெரிந்ததுதான். மலையகத்துக்காரர் கவனிக்க வேண்டிய வரி அது. நாள் முழுக்க பனி மூட்டம் இறங்கும் ஊரில் கம்பளியை வெளியே கொடியில் போட்டால் காயாது, பூச்சியும் சாகாது. கொதிநீரில் அலசலாம், சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்க்கலாம். எதுவும் முடியாவிட்டால் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு கிழமைக்கு மேல் ஒதுக்கி வைக்கலாம்.

* ஒரு காம்பராவில் ஏழு பேர் படுத்தால் ஏழு பேரும் ஒரே இரவில் பூச வேண்டும். அரிப்பு இல்லாதவரும் பூச வேண்டும். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே நாலைந்து கிழமை ஆகலாம். அரிக்கிற பிள்ளைக்கு மட்டும் பூசிவிட்டு மிச்சத்தைப் போத்தலில் பத்திரப்படுத்துவது நம் வீடுகளின் பழைய சிக்கனம். அடுத்த மாதம் அதே பிள்ளைக்கு அதே அரிப்பு.

* சிறுநீரகத்தை உண்மையாகவே கெடுக்கும் களிம்பு ஒன்று உண்டு: பாதரசம் கலந்தது. ஒரு காலத்தில் பேன், தோல் பூச்சிகளுக்குப் பாதரசக் களிம்பைத்தான் பூசினார்கள். இன்றும் லேபல் இல்லாத டப்பாவில் வரும் 'சர்வரோக' களிம்புகளிலும் வெள்ளையாக்கும் கிரீம்களிலும் அது ஒளிந்திருக்கலாம். நைரோபி மருத்துவர்கள் 1972லேயே வெள்ளையாக்கும் கிரீம் பூசியவர்களிடம் சிறுநீரில் புரதம் கொட்டும் நோயைக் கண்டு எழுதினார்கள். 2023இல் கேரளத்துக் கோட்டக்கலில் (நம் கொட்டகலை அல்ல) மறுபடி அதே கதை. பாதரசத்தால் வரும் அறிகுறி வேறு: சிறுநீர் நுரைக்கும், கால் வீங்கும்.

* இனிச் சிறுநீரகத்தைத் தொடும் ஒட்டுண்ணி மருந்துகள். மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா ஒட்டுண்ணியைக் கண்டவர்களில் ஒருவர் சென்னைக்காரர். சரி, சென்னையில் வேலைபார்த்த ஐரிஷ்காரர். சார்லஸ் டோனவன், சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். அவரும் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும் தனித்தனியே கண்டு 1903இல் வெளியிட்டதை, ரொனால்ட் ராஸ் இருவர் பெயரையும் ஒட்டி லீஷ்மேனியா டோனவனி ஆக்கினார்.

* அந்த ஒட்டுண்ணி உண்டாக்கும் கருங்காய்ச்சலுக்கு முதல் நல்ல மருந்தைச் செய்தவர் கல்கத்தாவின் உபேந்திரநாத் பிரம்மசாரி. காம்பெல் ஆஸ்பத்திரியில் தண்ணீர்க் குழாயோ மின்சாரமோ இல்லாத ஒரு சிறு அறையில், அஞ்சனக்கல்லில் இருக்கும் ஆன்டிமனியை வைத்து யூரியா ஸ்டிபமைனை உண்டாக்கினார். நோய் குணமான பின் சிலருக்குத் தோலில் தேமலும் முடிச்சுகளும் வருவதை 1922இல் முதலில் விவரித்தவரும் அவரே. ஆன்டிமனி பெரும்பாலும் சிறுநீர் வழியாக வெளியேறும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவருக்கு அது உடம்பில் தேங்கி இதயத் துடிப்பைக் கலைக்கும்.

* கருங்காய்ச்சலுக்குப் பின் வரும் அந்தத் தோல் நோய்க்கு இந்தியாவில் ஆம்போடெரிசின் பி மருந்தை நான்கு மாதத்தில் 60 முதல் 80 தடவை இரத்த நாளத்தில் ஏற்றும் முறை இருந்தது. ஒட்டுண்ணியின் மேலுறையில் ஓட்டை போடும் மருந்து அது. நம் சிறுநீரகக் குழாய்களின் உறையையும் அது விட்டுவைப்பதில்லை. இரத்தக் குழாய்களையும் சுருக்கும். பொட்டாசியமும் மக்னீசியமும் சிறுநீரில் ஒழுகிப்போகும். தேமலுக்குச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்தத் தேமலில் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கும். மணல் ஈ அதை அடுத்தவருக்குக் கொண்டுபோகும். அதனால்தான் மருந்து ஏற்றுமுன் சேலைன் ஏற்றுவது, கிரியேட்டினின், பொட்டாசியம் பார்ப்பது எல்லாம். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரையை அந்த நாட்களில் தொடவே கூடாது. மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தால் சிறுநீரகத்துக்கு அடி வெகுவாகக் குறைகிறது. கருங்காய்ச்சலுக்கு இப்படி ஒரே தடவை ஏற்றினாலே, பழைய மருந்தை 15 தடவை ஏற்றியதற்கு ஈடு என்று பீகாரில் சியாம் சுந்தர் குழு 2010இல் காட்டியது.

* இந்தியாவில் ஈரலையும் மண்ணீரலையும் தின்னும் அதே டோனவனி, இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. இங்கேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் தெரியவந்தார். 2008 முதல் சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய். அனுராதபுரம், பொலன்னறுவை, அம்பாந்தோட்டை பக்கம் அதிகம். புண்ணைச் சுற்றியே ஆன்டிமனி ஊசி போடுகிறார்கள், அல்லது திரவ நைட்ரஜனால் உறைய வைக்கிறார்கள். உடம்புக்குள் போவது சொற்பம் என்பதால் சிறுநீரகம் பெரும்பாலும் தப்பிவிடும். அந்தப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பியவரின் கையிலோ முகத்திலோ வலிக்காத, அரிக்காத பரு ஒன்று மாதக்கணக்கில் ஆறாமல் நின்றால், அது சிரங்கல்ல. சிரங்கு மருந்து பூசி நாள் கடத்தாமல் தோல் நோய் கிளினிக்கில் காட்டச் சொல்லுங்கள்.