வி.எல்.சி. கடையேறிய கதை

நம் லேபில் எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று கண்ணில் படும். அதுதான் வி.எல்.சி. பிளேயர். 1996-ல் பிரான்ஸ் நாட்டில் எக்கோல் சென்ட்ரல் பாரீஸ் என்ற கல்லூரியில் நம்மைப் போன்ற மாணவர்கள் தொடங்கிய ப்ராஜெக்ட் அது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2001-ல் கல்லூரியின் சம்மதத்தோடு ஜி.பி.எல். என்ற உரிமத்தில் அதை வெளியிட்டார்கள்.

ஜி.பி.எல். என்றால் என்ன? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். தேவதானத்தில் அப்பாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்கிறேன். ஒருத்தர் விதைநெல் தருகிறார். "விதைச்சுக்கோ, வித்துக் காசாக்கினாலும் சரி. ஆனா உன்கிட்ட வாங்குறவன் அடுத்தவனுக்குக் கொடுக்கிறதை நீ தடுக்கக் கூடாது" என்கிறார். நெல்லுக்குப் பதில் சோர்ஸ் கோட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். விற்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. இதைப் பலர் தப்பாகவே நினைக்கிறார்கள்.

ஆப்பிள் ஆப் ஸ்டோரின் நிபந்தனையோ நேர் எதிர். இறக்கியவர் இத்தனை கருவிகளில்தான் போடலாம், பிறருக்குப் படியெடுத்துத் தரக் கூடாது என்றது. அந்த விதைநெல்லைக் கடையில் வைத்தால், "யாருக்கும் கொடுக்காதே" என்று கடைக்காரர் ரசீதில் அச்சடித்துத் தருகிற மாதிரி! விலையே இல்லாத ஆப்புக்கும் இதே ரசீதுதான். ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் ஆறாவது பிரிவோ, பெறுபவர் மேல் கூடுதல் கட்டுப்பாடு கூடாது என்கிறது.

2010 மே மாதம் குனூ கோ என்ற விளையாட்டுக்காக ஃப்ரீ சாஃப்ட்வேர் பவுண்டேஷன் ஆப்பிளிடம் முறையிட்டது. ஆப்பிள் விதியை மாற்றவில்லை, விளையாட்டைத் தூக்கிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அப்ளிடியம் என்ற பிரெஞ்சு நிறுவனம் வி.எல்.சி.யை ஐபேடுக்குக் கொண்டுவந்தது. வி.எல்.சி.யை எழுதியவர்களில் ஒருவரான ரெமி டெனி-கூர்மோன் ஆட்சேபம் அனுப்பினார். 2011 ஜனவரியில் அதுவும் போயிற்று. கிடைத்ததைக் கெடுத்தார் என்று அவரைத் திட்டியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தன் நெல்லுக்குத் தான் போட்ட நிபந்தனையைத்தானே அவர் கேட்டார்?

திரும்ப வந்ததுதான் பெரிய பாடு. ஜி.பி.எல்.லில் பலர் சேர்ந்து எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் எழுதியவரே சொந்தக்காரர். உரிமத்தை மாற்ற ழான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைத் தேடித்தேடிச் சம்மதம் வாங்கினார். பல வருஷம் முன்னே விலகிப் போனவர்களும் அதில் இருந்தார்கள். 2013 ஜூலையில் வேறு உரிமத்தோடு வி.எல்.சி. மறுபடி கடையேறியது.

ஆண்ட்ராய்டில் இத்தனை இறுக்கம் இல்லை. ப்ளே ஸ்டோருக்கு வெளியிலும் ஏ.பி.கே. கோப்பை நிறுவ வழி உண்டு. திறமூல ஆப்களுக்கென்றே எஃப்-ட்ராய்டு 2010 முதல் இருக்கிறது. 2022-ல் இந்தியாவில் வி.எல்.சி.யின் இணையதளம் முடக்கப்பட்டு நவம்பரில்தான் திறந்தது. அப்போதும் கையில் படி வைத்திருந்தவர் பென் டிரைவில் அடுத்தவருக்குக் கொடுக்க உரிமம் இடம் தந்தது.

எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் மூன்று பேர். தென்னந்தோப்புக் கூலிக் கணக்கு எழுத ஒரு ஆப் செய்கிறோம். ப்ளே ஸ்டோரில் பதிய ஒரு தடவை 25 டாலர், ஆப்பிளில் வருஷத்துக்கு 99 டாலர். எங்க ஊரில் போனுக்குப் போன் புளூடூத்தில்தான் எதுவும் போகும். ஆகவே ஜி.பி.எல். என்று முடிவு செய்து, முதல் வரி எழுதும் முன்பே மூவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்: பின்னால் ஐபோனுக்குப் போக வேண்டி வந்தால் உரிமத்தை மாற்ற மூவருக்கும் சம்மதம் என்று.