கறுப்பு வட்டும் அதன் பிரதியும்

ப்ளேஸ்டேஷன் விளையாட்டுக் குறுந்தகடு
விட்டம் 12 செ.மீ. ப்ளேஸ்டேஷன் கருவியை சோனி நிறுவனம் 1994 டிசம்பர் 3 அன்று ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

வட்டின் அடிப்பக்கம் நம் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்பு லேசருக்கு அது கண்ணாடி. தகவல் 2,352 பைட் கொண்ட துண்டுகளாகப் பதிந்துள்ளது. இயல்பு வேகத்தில் நொடிக்கு 75 துண்டுகள். கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் பிழைதிருத்தக் குறிகளும் இசைத் தடங்களும் அவற்றுக்கு இடையிலான மௌனமும் விடுபட்டுப்போகும். ஆகவே பிரதி எடுக்கும்போது வட்டு முழுவதும் அப்படியே படிக்கப்படுகிறது.

பெரும்பாலான கணினி டிரைவ்கள் இசையைச் சற்று முன்னோ பின்னோ தள்ளிப் படிக்கும். அந்த விலகலைச் சரிசெய்த பின், வெவ்வேறு வட்டுகளிலிருந்து எடுத்த பிரதிகள் பைட் பிசகாமல் ஒத்துப்போகின்றனவா என்று பிரதி எடுப்பவர்கள் பார்க்கிறார்கள்.

எல்லாப் பிழையும் பிழையல்ல. ஐரோப்பிய வெளியீடுகள் சிலவற்றில், திருட்டு நகலைத் தடுக்கத் துணைத்தகவலில் வேண்டுமென்றே தவறான எண்கள் வைக்கப்பட்டன. அவற்றைத் 'திருத்தி' எடுத்த பிரதியில் விளையாட்டு பாதியில் நின்றுவிடக்கூடும்.

உள்விளிம்பில் தடத்தின் மெல்லிய நெளிவாக விற்பனைப் பகுதிக்கான குறி பதிந்துள்ளது. சாதாரணக் கணினி டிரைவ் அதைப் படித்துத் தராது. ஆகவே இப்படி எடுத்த பிரதியிலும் அது இல்லை.