மண்டபத்தில் எய்யும் அம்புக்கு எந்த இறகு?

மாணவர்களே, பூப்பந்தை எப்படி அடித்தாலும் அதன் தக்கைத் தலையே முன்னால் திரும்பிப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். கனம் தலையில் இருக்கிறது. வாலிலுள்ள 16 இறகுகளைக் காற்று பின்னுக்கு இழுக்கிறது. அம்பின் வாலில் ஒட்டும் இறகுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

வில்லை விட்டுப் புறப்படும் அம்பு மீனைப்போல் நெளிந்துகொண்டே செல்லும். அந்த நெளிவை அடக்குவது இறகு. உள்ளரங்கப் போட்டியில் இலக்கு 18 மீட்டர் தூரத்தில் இருக்கும். வினாடிக்கு 54 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு அதை எட்ட எவ்வளவு நேரமாகும்? வகுத்துப் பாருங்கள்: வினாடியில் மூன்றில் ஒரு பங்கு! அதற்குள் அம்பு நேராக வேண்டுமானால் பெரிய இறகு தேவை.

“பெரிய இறகு வேகத்தைக் குறைக்காதா, சார்?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. குறைக்கும். ஒலிம்பிக்கில் திறந்த திடலில் 70 மீட்டர் எய்யும்போது அந்த இழப்பு பெரிது. பக்கக் காற்றும் பெரிய இறகைத் தள்ளிவிடும். அதனால் அங்கே சிறிய, இலேசான பிளாஸ்டிக் இறகு. மண்டபத்திலோ காற்றும் இல்லை, தூரமும் குறைவு.

பறவை இறகு வில்லில் உரசினாலும் மடிந்து கொடுக்கும். ஆனால், மழையில் நனைந்தால் துவண்டுவிடும். மலாக்காவின் மாலை மழையில், தோட்டத்துத் திடலில் பயிற்சி செய்வோர் இதை மறக்கக்கூடாது.

வாங்கும்போது 3 இறகுகளும் பறவையின் ஒரே பக்கச் சிறகைச் சேர்ந்தவையா என்று பாருங்கள். வலது, இடது இறகுகளின் வளைவு வேறு. கலந்து ஒட்டினால் அம்பு சீராகச் சுழலாது. அம்புகள் சிதறினால், உங்கள் கையை நொந்துகொள்ளும் முன் இறகைச் சோதியுங்கள்.