செவிலியரின் மேற்படிப்பு: 3400 மணி நேரத்தைப் பங்கிடுவது எப்படி?

சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே வந்தால் நாவலூர், சிறுசேரிக்குப் பிறகு படூர் வரும். அதை அடுத்தது கேளம்பாக்கம். படூரில் ஒரு பெரிய பொறியியற் கல்வி நிலையம் இருக்கிறது. கேளம்பாக்கத்தில் செட்டிநாடு மருத்துவமனையும், மருத்துவக் கல்லூரியும், செவிலியர் கல்லூரியும் இருக்கின்றன. காலையில் இச்சாலையின் பேருந்து நிறுத்தங்களைப் பார்த்தால் இரவு டியூட்டி முடித்துக் கண் சிவக்க வீடு திரும்பும் செவிலியர்களையும், பகல் டியூட்டிக்கு விரையும் செவிலியர்களையும் ஒருசேரக் காணலாம். அவர்களில் சிலருடைய மனத்தில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: எம்.எஸ்ஸி. நர்சிங் படிக்கலாமா? படித்தால் அந்த இரண்டு ஆண்டுகளைச் சமாளிக்க முடியுமா?

இது சாதாரணக் கேள்வி அன்று. இப்படிப்பு முழுநேரப் படிப்பு. வேலையை விட்டோ, நீண்ட விடுப்பு எடுத்தோதான் சேர வேண்டும். ஆகவே கேள்விக்குப் பின்னால் இரண்டு ஆண்டுச் சம்பளம் நிற்கிறது. திட்டம் தவறி ஆய்வேடு தாமதமானால் சம்பளமில்லாத காலமும் நீளும். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே பருவத்திற்கு ஒன்றிரண்டு பாடங்களாக எடுத்து, நான்கைந்து ஆண்டுகளில் முதுநிலைப் பட்டத்தை முடிக்கும் செவிலியர் பலர் உண்டு. எந்தப் பாடத்தை எதற்கு முன் எடுப்பது என்பதுதான் அங்கே திட்டம். நம் நாட்டில் பாடங்களின் வரிசை முன்பே வகுக்கப்பட்டுவிட்டது. அப்படியானால் நாம் திட்டமிட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது.

முதலில் தகுதியைப் பார்த்துவிடுவோம். பி.எஸ்ஸி. நர்சிங் அல்லது டிப்ளமாவுக்குப் பின் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. பட்டம், அதில் குறைந்தது 55 சதவீத மதிப்பெண், மாநில கவுன்சிலில் செவிலியராகவும் மகப்பேற்றுச் செவிலியராகவும் பதிவு, ஓராண்டுப் பணி அனுபவம் ஆகியவை வேண்டும். நம் நாட்டில் முதுநிலைச் செவிலியக் கல்வி 1959-இல் டில்லியில் தொடங்கியது. 1960-களின் இறுதியில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அதைத் தொடங்கிவிட்டது. இன்று பழைய மாமல்லபுரம் சாலையோரக் கல்லூரியிலேயே அதைப் படிக்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து, நாட்டில் நெடுங்காலமாகப் பின்பற்றப்பட்டுவரும் பாடத்திட்டத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். (1947-ஆம் ஆண்டுக் கவுன்சில் சட்டத்திற்குப் பதிலாக 2023-இல் தேசியச் செவிலியர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஆகவே நீங்கள் சேரும் ஆண்டின் விதிப் புத்தகத்தை வாங்கிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.) முதலாண்டில் வகுப்பறைப் பாடம் 600 மணி, செய்முறை 1100 மணி. இரண்டாம் ஆண்டில் பாடம் 300 மணி, செய்முறை 1400 மணி. மொத்தம் 3400 மணி. வாரத்திற்கு 40 மணி என்று வைத்தால் ஓர் ஆண்டின் 1700 மணிக்கு நாற்பத்திரண்டரை வாரம் ஆகும். விடுமுறை, பண்டிகை, தேர்வு, காய்ச்சல், உறவினர் கல்யாணம் எல்லாம் எஞ்சிய ஒன்பதரை வாரத்திற்குள் அடங்க வேண்டும்!

இந்த 3400-இல் 2500 மணி செய்முறை. ஏறக்குறைய முக்கால் பங்கு. மேற்படிப்பு என்றதும் புத்தகங்களை வாங்கி அடுக்கும் பழக்கம் நமக்குண்டு. இப்படிப்பிலோ பெரும்பொழுது வார்டில்தான் கழியும். மேலும் பாருங்கள்: நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் துறைக்கு மட்டும் முதலாண்டில் 150 மணிப் பாடமும் 650 மணிச் செய்முறையும், இரண்டாம் ஆண்டில் 150 மணிப் பாடமும் 950 மணிச் செய்முறையும் உண்டு. கூட்டினால் 1900 மணி. மொத்தப் படிப்பில் பாதிக்கும் மேல்! எனவே சேருவதற்கு முன் தீர்மானிக்க வேண்டியது துறையைத்தான். மருத்துவ–அறுவைச் செவிலியம், மகப்பேறு–மகளிர் நோய்ச் செவிலியம், குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என ஐந்து துறைகள் உள்ளன. எதில் இடம் கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுவது என்ற போக்கு பரவலாக இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. 1600 மணி நேரம் எந்த வார்டில் அலுக்காமல் நிற்பீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். பின்னர் ஆசிரியப் பணி கிடைப்பதும் அத்துறையில்தான்.

ஆய்வேடு என்னும் முதுகெலும்பு

செவிலியக் கல்வி, உயர்நிலைச் செவிலியம், ஆராய்ச்சியும் புள்ளியியலும், நிர்வாகம் ஆகிய மற்றப் பாடங்கள் குறித்த காலத்தில் வந்து குறித்த காலத்தில் முடிந்துவிடும். அவற்றைக் கல்லூரியின் கால அட்டவணை பார்த்துக்கொள்ளும். அட்டவணைக்குள் அடங்காதது ஆய்வேடு ஒன்றுதான். இரண்டாம் ஆண்டில் அதற்கு 300 மணி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த 300 மணியும் உங்கள் கையில் மட்டும் இல்லை. நெறிமுறைக் குழு எப்போது கூடும், மருத்துவமனை எப்போது அனுமதி தரும், ஆய்வுக்கு உரியவர்கள் எப்போது கிடைப்பார்கள் என்பனவெல்லாம் பிறர் கையில் இருக்கின்றன.

பாடத்திட்டம் இரண்டு கெடுக்களை வைக்கிறது. ஆய்வுத் திட்டத்தை முதலாண்டின் ஒன்பதாம் மாத இறுதியில் கொடுக்க வேண்டும். முடிந்த ஆய்வேட்டை இரண்டாம் ஆண்டின் ஒன்பதாம் மாத இறுதியில், அதாவது 21-ஆம் மாதத்தில் கொடுக்க வேண்டும். இடையில் 12 மாதங்கள். இவற்றை முன்னிருந்து எண்ணினால் ஏராளமாகத் தோன்றும். பின்னிருந்து எண்ணிப் பாருங்கள். தட்டச்சும் கட்டமைப்பும் திருத்தமும் 21-ஆம் மாதம். எழுதுவது 19, 20. புள்ளிவிவரங்களை அலசுவது 18. தகவல் திரட்டுவது 16, 17. வினாத்தாளைப் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டம் 15. நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் நிர்வாக அனுமதியும் 13, 14. பன்னிரண்டாம் மாதம் முதலாண்டுத் தேர்வு. வினாத்தாள் தயாரிக்க 10, 11 மட்டுமே மிச்சம். ஒரு மாதங்கூடச் சும்மா இல்லை!

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். படூரில் வசிக்கும் செவிலியர் ஒருவர் சமுதாய நலத் துறையில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் செல்லும் சாலையில் உப்பளப் பாத்திகளைப் பார்த்திருக்கிறார். வெயிலில் உப்பு வாருவோரின் உடல்நிலையை ஆராய விரும்புகிறார். நல்ல பொருள். தமிழகத்தின் உப்பளத் தொழிலாளரிடம் வெப்பமும் சிறுநீரக பாதிப்பும் பற்றி ஆய்வாளர்கள் ஏற்கெனவே ஆராயத் தொடங்கியிருக்கிறார்கள். கடற்கரையோடு தெற்கே மரக்காணம் வரை போனால் உப்பளங்கள் இன்னும் விரிந்து கிடக்கின்றன.

படிப்பு அக்டோபரில் தொடங்குகிறது எனக் கொள்வோம். ஆய்வுத் திட்டம் கொடுப்பது ஜூன் இறுதியில். தகவல் திரட்டும் 16, 17-ஆம் மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும் ஆகும். கத்திரி வெயில் வரும் மே மாதமோ அவருக்கு 20-ஆம் மாதம். அப்போது அவர் மேசையில் அமர்ந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டியவர். அதற்கு முந்தைய கோடையிலோ ஆய்வுத் திட்டமே தயாராகவில்லை. ஆகக் கோடை வெப்பத்தை அளக்கும் ஆய்வு இந்தக் காலண்டரில் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். மழை ஓய்ந்த பிறகே வேலை மெல்லத் தொடங்கும்.

அப்படியானால் பொருளையே விட்டுவிடுவதா? வேண்டியதில்லை, கேள்வியை மாற்றினால் போதும். உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் அருகில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வது உண்டு. இது எந்த மாதத்திலும் நடப்பது. ஒரு நாளில் எவ்வளவு நீர் குடிக்கிறார்கள், ஏன் குறைக்கிறார்கள், வேலைக்கு முன்னும் பின்னும் சிறுநீரின் ஒப்படர்த்தி என்ன என்று பார்க்கலாம். ஒப்படர்த்தி 1.020-ஐத் தாண்டினால் உடலில் நீர் குறைந்திருக்கக்கூடும் என்று கொள்வது வழக்கம். சோதனைத் தாள் கொண்டு செவிலியரே ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஜனவரியிலேயே இப்படி என்றால் மே மாதத்தில் எப்படியிருக்கும் என்ற அடுத்த கேள்வியும் அதிலிருந்து பிறக்கிறது.

எத்தனை பேரைப் பார்ப்பது?

செவிலியர்களுக்குப் புள்ளியியல் எதற்கு என்று முணுமுணுப்போர் உண்டு. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் கிரிமியப் போரில் மாண்டவர்களின் எண்ணிக்கையை வரைபடமாக்கிக் காட்டி, காயத்தைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றது என்று அரசுக்கு உணர்த்தினார். 1858-இல் லண்டன் புள்ளியியல் கழகம் அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. அக்கழகத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. விளக்கேந்திய மங்கை என்றே நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் கையில் எண்களும் இருந்தன.

ஒரு பழக்கம் எத்தனை சதவீதத்தினரிடம் இருக்கிறது என்று அறியும் ஆய்வுக்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. முன்கூட்டி எதுவும் தெரியாவிட்டால் பாதிப் பேரிடம் இருப்பதாக வைத்துக்கொள்வார்கள். 1.96-ஐ அதனாலேயே பெருக்கினால் 3.84. அதை அரையாலும் மீண்டும் அரையாலும் பெருக்கினால் 0.96. இதை, நாம் பொறுத்துக்கொள்ளும் வழுவின் இருபடியால் வகுக்க வேண்டும். விடை 5 சதவீதம் முன்பின்னாக இருக்கலாம் என்றால் 0.96-ஐ 0.0025-ஆல் வகுக்க 384 பேர். 10 சதவீதம் முன்பின்னாக இருக்கலாம் என்றால் 0.01-ஆல் வகுக்க 96 பேர். துல்லியத்தை இரு மடங்காக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும்! 1.96 எங்கிருந்து வந்தது? இப்படி நூறு முறை ஆய்வு செய்தால் சுமார் 95 முறை உண்மை விடை நம் எல்லைக்குள் அகப்படும் என்ற உறுதியைக் குறிக்கும் எண் அது. ஆட்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பாரபட்சமின்றித் தேர்ந்தால்தான் இந்த உறுதி செல்லும்.

இப்போது இதைக் காலண்டரோடு சேர்த்துப் பாருங்கள். நம் செவிலியர் நாளுக்கு நான்கு பேர், வாரத்தில் ஐந்து நாள் எனப் பார்த்தால் வாரத்திற்கு 20 பேர். 96 பேருக்கு ஐந்து வாரம் போதும். 384 பேருக்குப் பத்தொன்பது வாரத்திற்கு மேல் வேண்டும். அவரிடம் இருப்பதோ எட்டு வாரம், அதாவது 160 பேர். 0.96-ஐ 160-ஆல் வகுத்து வர்க்கமூலம் கண்டால் வழு ஏறக்குறைய 8 சதவீதம். இதை ஆய்வுத் திட்டத்திலேயே நேர்மையாக எழுதிவிடலாம். முதலாண்டின் ஒன்பதாம் மாதத்தில் ஐந்து நிமிடம் போடும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள், பதினேழாம் மாதத்தில் ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள்.

கணக்குக்குப் பயந்து வேறொரு குறுக்கு வழியில் போவோரும் பலர். ஒரு குழுவுக்கு வினாத்தாள் கொடுப்பது, ஒரு மணி நேரம் பாடம் நடத்துவது, மீண்டும் அதே வினாத்தாளைக் கொடுப்பது, அறிவு கூடியிருக்கிறது என முடிப்பது! இத்தகைய ஆய்வேடுகள் கல்லூரி நூலகங்களில் அடுக்கடுக்காக உள்ளன. பாடம் சொல்லிக் கொடுத்தால் அறிவு கூடும் என்பதை எத்தனை முறைதான் நிரூபிப்பது?

வினாத்தாளைத் தயாரிக்க இரண்டு மாதம் எதற்கு என்று எண்ண வேண்டாம். ஆங்கில வினாவைத் தமிழாக்கி, அத்தமிழை ஆங்கில மூலத்தைப் பாராத வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டும் ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்க வேண்டும். இங்கே அகராதி மட்டும் உதவாது. ‘சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் உண்டா?’ என்று கேட்டால் உப்பளத்துப் பெண் தலைகுனிந்து ‘இல்லை’ என்பார். ‘நீர்க்கடுப்பு வருதா, சூடு பிடிச்சுக்குதா?’ என்று கேட்டால் உடனே பேசத் தொடங்குவார். சோர்வு வேறு, அசதி வேறு, கிறுகிறுப்பு வேறு. தமிழ் வழியில் படித்து வந்ததைக் குறையாக நினைக்கும் செவிலியர்களுக்கு இந்த இரண்டு மாதங்கள் மிகச் சுலபமாகப் போகும். ஆய்வுக்கு ஒப்புதல் பெறும் படிவமும் அவர்களுக்குப் புரியும் தமிழில்தான் இருக்க வேண்டும். நெறிமுறைக் குழு அதைக் கேட்டுப் பார்க்கும். அக்குழு கூடும் தேதிகளைச் சேர்ந்த முதல் மாதமே அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க நேரும். முன்னோட்டம் அப்படியே பின்னுக்குப் போகும்.

கடைசியாக விடுப்பு. தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை போதும். ஆனால் பட்டம் பெறுவதற்குள் செய்முறையில் 100 சதவீதமும் நிறைந்திருக்க வேண்டும். வார்டில் விட்ட நாள் ஒவ்வொன்றையும் பின்னர் ஈடு செய்தாக வேண்டும். பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை, மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை, தங்கைக்குப் பிரசவம் என்று முன்கூட்டியே தெரிந்தவற்றை 24 கட்டங்கள் போட்ட ஒரு தாளில் முதலில் எழுதுங்கள். அடுத்து ஒன்பதாம் கட்டத்திலும் இருபத்தொன்றாம் கட்டத்திலும் சிவப்பு மையால் கோடு போடுங்கள். பிறகு பின்னிருந்து முன்னாக எண்ணி நிரப்பி வாருங்கள். 16, 17-ஆம் கட்டங்களில் வீட்டு விசேஷம் ஏதும் விழுந்திருந்தால் அதை நகர்த்த முடியுமா என்று விண்ணப்பப் படிவம் வாங்கும் முன்னரே வீட்டாரிடம் பேசிவிடுங்கள்.