பயமுறுத்தினால் ஊசி நிற்காது

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், படப்பையைச் சுற்றி, கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்ட பிறகுதான் ஜிம்களில் கூட்டம் சேரும். ஒரகடம் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் இளைஞனும் பிளஸ் டூ படிக்கும் உள்ளூர்ப் பையனும் ஒரே பெஞ்சில் முறை வைத்து எடை தூக்குவார்கள். மூத்தவன் தோள்தான் இளையவனுக்கு அளவுகோல். ஸ்டீராய்டு பற்றிய பேச்சு பையன்களின் காதுக்கு எட்டுவது பெரும்பாலும் இப்படிப்பட்ட இடங்களில்தான்.

அந்தப் பையன் கஞ்சாவைத் தப்பு என்பான். குடிப்பவனைக் கேலி செய்வான். ஆனால் ஸ்டீராய்டு ஊசியை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டான். அது உடம்பைக் கெடுப்பவன் வேலை, இது உடம்பை ஏற்றுபவன் வேலை என்பது அவன் நியாயம். விடியற்காலை எழுகிறான், முட்டை தின்கிறான், சினிமா கூட இல்லை. இவனைப் போய்ப் போதைக்காரன் என்றால் சிரிக்கத்தான் செய்வான். "ஒரு கோர்ஸ் போட்டுட்டு நிறுத்திடலாம்", "மாஸ்டரே போட்டிருக்காரு" என்ற இரண்டு வாக்கியங்கள் மிச்சத் தயக்கத்தையும் துடைத்துவிடும்.

இதில் பெரியவர்கள் ஒப்புக்கொள்ளத் தயங்கும் உண்மை ஒன்று உண்டு: மருந்து வேலை செய்கிறது. நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால் போன்ற ஸ்டீராய்டுகள் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனின் செயற்கை உறவினர்கள். பயிற்சியோடு சேர்ந்தால் தசை கண்முன்னே ஏறும். "ஒண்ணுக்கும் உதவாது, விஷம்" என்று சொல்லும் ஆசிரியரைவிட, பக்கத்து பெஞ்சில் விரிந்து நிற்கும் மார்பைத்தான் பையன் நம்புவான்.

விலை பிறகு வருகிறது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விரை சுருங்கும். சிலருக்கு மார்பில் பெண்களைப் போல் திசு வளரும். நல்ல கொழுப்பு குறைந்து இதயத்துக்குப் பாரம் கூடும், மாத்திரை வகைகள் கல்லீரலைத் தாக்கும். நிறுத்தியபின் மனச்சோர்வு பிடிப்பதும் உண்டு.

வளரும் வயதுக்கென்று தனியாக ஒரு கேடும் இருக்கிறது. எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளை இந்த மருந்துகள் சீக்கிரமே மூடிவிடக்கூடும். அதன்பின் உயரம் ஏறாது. இங்கே பல பையன்கள் உடம்பு ஏற்றுவது போலீஸ் வேலைக்காக. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் பொதுப் பிரிவு ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். மார்புக்காகப் போட்ட ஊசி உயரத்தில் கைவைத்தால் என்ன செய்வது? இதை ஜிம் சுவரில் எழுதி ஒட்டலாம்.

2023 பிப்ரவரியில் ஆவடிப் பக்கம் 25 வயது ஜிம் பயிற்சியாளர் ஒருவர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தபோது, ஸ்டீராய்டுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. இதில் ஒரு குழப்பமும் நடக்கிறது. 'ஜிம் ஊசி' என்று பிடிபடும் மெபென்டெர்மின் ஸ்டீராய்டே அல்ல. அறுவை அரங்கில் விழுந்த ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து. தசை வளர்க்காது, இதயத்தைத்தான் விரட்டும்.

சட்டமோ பையனைத் தொடுவதில்லை. 2022-இல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டிகளில் இறங்கும் வீரர்களுக்கானது. கண்ணாடி முன் நிற்பவனை யாரும் சோதிக்கப்போவதில்லை. மருந்துச்சீட்டு இல்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது; அதைக் கடையில் கேட்பவர் யார்?

அமெரிக்கா இந்தக் கட்டத்தை முன்பே பார்த்தது. 1988-இல் வெளியான ஆய்வில் 12-ஆம் வகுப்பு ஆண் மாணவர்களில் 6.6 சதவீதம் பேர் ஸ்டீராய்டு பயன்படுத்தியதாகச் சொன்னார்கள்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 16 வயதிலோ அதற்கு முன்போ தொடங்கியவர்கள். கால்வாசிப் பேருக்கு முக்கியக் காரணம் தோற்றம். ஆரிகனில் மருத்துவர் லின் கோல்ட்பெர்க் குழு 1991-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். ஆபத்தை மட்டும் கேட்ட மாணவர்களின் எண்ணம் மாறவில்லை. பலனையும் கேட்டையும் சேர்த்துக் கேட்டவர்களே கேட்டை நம்பினார்கள். பிறகு அந்தக் குழு உருவாக்கிய 'அட்லஸ்' திட்டத்தில் பயிற்சியாளரும் அணித் தோழர்களுமே பாடம் நடத்தினார்கள். மருந்தைப் பற்றிய பேச்சோடு சாப்பாடும் எடைப் பயிற்சியும் கற்றுத்தந்தார்கள். ஊசி போடும் எண்ணம் குறைந்தது.

அந்தப் பாடத்தில் சாப்பாட்டுப் பாதி நம் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். 60 கிலோ பையன் தசை ஏற்ற ஒரு நாளைக்குச் சுமார் 95 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25, சோயா உருண்டையில் 50. மெதுவாகத்தான் ஏறும், அதையும் மாஸ்டர் வாயால்தான் சொல்ல வேண்டும். ஏற்கெனவே போட்டவன் வீட்டுக்குப் பயந்து மறைக்கிறான் என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையின் ஹார்மோன் மருத்துவர்களிடம் திட்டாமல் கூட்டிப் போகலாம்.