பேரமே பேசாத ஆளா? உஷார்! - நாயுடுபுரம் மாமாவின் கேமரா கதை

``மாப்ள, கேமரா வித்துருச்சுடா!''

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கொடைக்கானல் நாயுடுபுரத்திலிருந்து மாமா போன் செய்தார். குரலில் அப்படி ஓர் உற்சாகம். ஆன்லைனில் விளம்பரம் போட்டு 20 நிமிடம்கூட ஆகவில்லை. இவர் சொன்ன விலை 28,000 ரூபாய். வாங்க வந்தவர் ஒரு ரூபாய்கூட குறைக்கச் சொல்லவில்லையாம். ``ஆர்மிக்காரர்டா. நல்ல மனுஷன்!'' என்றார்.

அடுத்த அரை மணி நேரத்தில் மாமாவின் வங்கிக் கணக்கிலிருந்து 2,000 ரூபாய் போயிருந்தது.

மாமா விவரம் தெரியாதவர் கிடையாது. கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று சுற்றுலாப் பயணிகளை போட்டோ எடுத்துக் கொடுத்தே 20 வருடம் குடும்பத்தை ஓட்டியவர். மலையாளம் பேசுவார், இந்தியில் பேரம் பேசுவார். எல்லோர் கையிலும் நல்ல கேமராவோடு போன் வந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. இப்போது கல்யாண சீசனில் யாராவது கூப்பிட்டால் போகிறார். இரண்டு கேமராவில் ஒன்று பீரோவில் சும்மாதான் கிடந்தது. மகளின் செமஸ்டர் ஃபீஸ் கட்ட வேண்டிய தேதி நெருங்கியதால், அதை விற்க முடிவு செய்தார்.

விளம்பரம் போட்டதும் முதல் ஆளாக வந்தவர்தான் இந்த `ஆர்மிக்காரர்'. வாட்ஸ்அப்பில் யூனிஃபார்ம் போட்ட புகைப்படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் கேட்காமலே வந்தன. `சென்னையில் போஸ்டிங், நேரில் வர லீவு கிடைக்காது, கேமராவை எடுத்துப்போக ஆள் அனுப்புகிறேன், பணம் இப்போதே போடுகிறேன்' என்று இந்தியில் சொன்னாராம். முதலில் 5 ரூபாய் அனுப்பி, ``வந்துருச்சா பாருங்க அங்கிள்'' என்றிருக்கிறார். வந்திருந்தது. அடுத்து ஒரு க்யூ.ஆர் கோடு. ``இது 2,000 ரூபாய் அட்வான்ஸ். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டா உங்க அக்கவுன்ட்ல ஏறிடும். ராணுவக் கணக்குல இப்படித்தான் நடைமுறை.''

மாமா ஸ்கேன் செய்தார். பின் நம்பர் போட்டார். பணம் ஏறவில்லை, இறங்கியது.

``சாரி அங்கிள், சர்வர் பிரச்னை. இப்ப 4,000-க்கு ஒரு கோடு அனுப்புறேன். ஸ்கேன் பண்ணுங்க, பழைய காசும் சேர்ந்து வந்துரும்.'' மாமா அதற்கும் தயாராகத்தான் இருந்திருக்கிறார். அந்த நேரத்தில் உள்ளே வந்த அத்தைதான் போனைப் பிடுங்கியிருக்கிறார்.

``வர்ற காசுக்கு எதுக்குங்க ரகசிய நம்பர் போடணும்? ஆமா, விலையைக் குறைக்கச் சொன்னானா அவன்?''

``இல்ல...''

``அப்ப அவன் வாங்க வந்தவனே இல்லீங்க!''

அத்தை, கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மலைப்பூண்டு விற்பவர். கால் கிலோ பூண்டுக்கு பத்து நிமிடம் பேரம் பேசுகிறவர்களை வாராவாரம் பார்க்கிறார். சைபர் க்ரைம் பற்றி நான் படித்த எந்த எச்சரிக்கைப் பட்டியலையும்விட அந்த ஒரு கேள்வி கச்சிதமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். பழைய பொருள் வாங்குகிறவருக்கு ஆயிரம் சந்தேகம் இருக்கும். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், கீழே விழுந்ததா, பில் இருக்கிறதா, சார்ஜர் தருவீர்களா, கடைசி விலை என்ன... கொடைக்கானல் என்றால் இன்னும் ஒன்று கூடும். வத்தலக்குண்டு தாண்டி மலையேற வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. `இ-பாஸ் எடுக்கணுமா அண்ணே, இல்ல நீங்க கீழ வருவீங்களா?' என்று கேட்பவர்தான் நிஜமாக வாங்க வருகிறவர். விலை, தரம், தூரம் எதைப் பற்றியும் கவலைப்படாமல் நேராகப் பணம் அனுப்பும் வேலைக்கு வருகிறவர்களுக்கு உங்கள் பொருள் தேவையில்லை. அவர்களுக்குத் தேவை உங்கள் போனும், அதில் இருக்கும் பணப் பரிமாற்ற ஆப்பும்தான்.

மலையில் இருப்பவர்கள் இதில் சுலபமாக மாட்டிக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. இங்கே ஒரு கேமராவுக்கோ லேப்டாப்புக்கோ வாங்க ஆள் கிடைப்பதே அபூர்வம். `நீங்க வர வேண்டாம், நானே ஆள் அனுப்புறேன்' என்று ஒருவர் சொன்னால், அது சந்தேகமாகத் தெரிவதில்லை. உபகாரமாகத்தான் தெரிகிறது.

முதல்வர் வீட்டிலேயே!

மாமா ரொம்பவே கூனிக்குறுகிப்போயிருந்தார். ``இத வெளிய சொல்லிராத மாப்ள'' என்றார். (சொல்லச் சம்மதம் வாங்கிவிட்டேன், பெயர் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு.) அவருக்கு ஆறுதலாக நான் சொன்னது, 2021 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த சம்பவத்தை. அப்போது முதல்வராக இருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் ஒரு பழைய சோபாவை ஆன்லைனில் விற்க முயன்றார். அங்கேயும் இதே கதைதான். முதலில் சிறிய தொகை வந்தது. பிறகு க்யூ.ஆர் கோடு வந்தது. 20,000 ரூபாய் போனது. `தப்பான கோடு அனுப்பிட்டேன்' என்று இன்னொன்றை அனுப்ப, மேலும் 14,000 ரூபாய் போனது. மொத்தம் 34,000.

இந்த ஆட்கள் எங்கே இருக்கிறார்கள்? டெல்லிக்குப் பக்கத்தில் ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப்பிரதேச எல்லைகள் சேரும் மேவாத் பகுதி இதற்குப் பேர் போனது. 2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூ மாவட்டத்தில் சுமார் 5,000 போலீஸார் ஒரே இரவில் 14 கிராமங்களில் சோதனை நடத்தினார்கள். அங்கே சிக்கியவர்களின் போன்களையும் கணக்குகளையும் ஆராய்ந்தபோது, நாடு முழுவதும் சுமார் 28,000 வழக்குகளோடு தொடர்பு தெரியவந்ததாகக் காவல்துறை சொன்னது. இப்படிப்பட்ட கும்பல்கள் ராணுவ வீரர்களின் அடையாள அட்டைப் படங்களைத் திருடி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அனுப்புகின்றன. அட்டை நிஜம், அனுப்புகிறவர்தான் போலி. இதே காரணத்துக்காக, `நம்பிக்கைக்கு உங்க ஆதாரை அனுப்புங்க' என்று கேட்டால் அனுப்பாதீர்கள். அடுத்த ஊரில் இன்னொருவரை ஏமாற்ற உங்கள் ஆதார் அட்டை பயன்படலாம்.

யு.பி.ஐ-யில் பின் நம்பர் என்பது, `என் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொடு' என்று வங்கிக்கு நீங்கள் போடும் கையெழுத்து. பேலன்ஸ் பார்க்கவும் அது தேவைப்படும். பணம் வாங்க ஒருபோதும் தேவைப்படாது. க்யூ.ஆர் கோடும் அப்படித்தான், ஸ்கேன் செய்கிறவர் கொடுப்பவர், காட்டுகிறவர் வாங்குபவர். மளிகைக் கடையில் தினமும் செய்கிறோம். ஆனால், போனில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே அவசரப்படுத்தும்போது அது மறந்துபோகிறது. முன்பு `கலெக்ட் ரிக்வெஸ்ட்' என்று பணம் கேட்டு அனுப்பும் வசதியை வைத்தும் இப்படி ஏமாற்றினார்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதவு மூடப்பட்டாலும் க்யூ.ஆர் வழி திறந்தே இருக்கிறது.

பணம் வந்தாலும் சிக்கல்

நேரில் வரும் ஆள் எல்லோரும் நல்லவர் என்றும் சொல்ல முடியாது. `பணம் அனுப்பியாச்சு' என்று பச்சை டிக் ஸ்க்ரீன்ஷாட் காட்டிவிட்டுப் பொருளோடு போய்விடுவார்கள். நிஜ ஆப் போலவே திரையும் சத்தமும் வரும் போலி ஆப்களும் உலவுகின்றன. அவர் போனைப் பார்க்காதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கில் பேலன்ஸைப் பாருங்கள். எஸ்.எம்.எஸ்-ஸும் போதாது. வங்கி அனுப்பியது மாதிரியே ஒரு மெசேஜை யாரும் டைப் செய்து அனுப்பலாம். `தவறுதலா 10,000 கூடுதலா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க' என்பது இந்தப் போலி மெசேஜை வைத்து ஆடும் இன்னோர் ஆட்டம்.

பலருக்கும் தெரியாத ஆபத்து ஒன்று இருக்கிறது. நிஜமாகவே பணம் வருகிறது, பொருளும் கைமாறுகிறது, எல்லாம் சுபம். சில வாரங்கள் கழித்து உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது. விசாரித்தால், உங்களுக்கு வந்த பணம் வேறொருவரிடம் ஏமாற்றிய பணம். அவர் ஏதோ ஒரு மாநிலத்தில் புகார் கொடுக்க, பணம் போன பாதையில் இருக்கும் கணக்குகளையெல்லாம் போலீஸ் நிறுத்தச் சொல்கிறது. அதில் உங்கள் கணக்கும் ஒன்று. சம்பளம், ஃபீஸ், மாதத் தவணை எல்லாம் அந்தக் கணக்கில்தான் என்றால் நிலைமை என்னவாகும்?

அதனால், நேரில் நிற்பவர் பெயரும் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். `ஃப்ரெண்டு அனுப்புவான்' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட், பேசிய மெசேஜ்கள், பொருளின் சீரியல் நம்பர், தேதியும் கையெழுத்தும் போட்ட ஒரு சின்ன ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நாளைக்கு `நான் விற்ற பொருளுக்கு வந்த பணம் இது' என்று காட்ட இவைதான் உதவும். செல்போன் விற்கிறீர்கள் என்றால் ஐ.எம்.இ.ஐ நம்பரையும் ரசீதில் எழுதுங்கள். அந்த போனை வைத்து யாராவது வம்பு செய்தால் விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம். கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, பேங்க் ஆப்களை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

மாமா விஷயத்துக்கு வருவோம். பணம் போனதும் அவர் செய்யவிருந்தது, அந்த ஆளுக்கே மறுபடி போன் போட்டுக் கெஞ்சுவது. ``மொதல்ல 1930-க்கு அடிங்க மாமா'' என்றேன். சைபர் மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. பணம் போன நேரம், தொகை, நம் கணக்கு எண், பரிவர்த்தனையின் 12 இலக்க எண், அந்த ஆளின் போன் நம்பர் எல்லாம் கேட்டார்கள். பிறகு சைபர் க்ரைம் இணையதளத்தில் நான் சென்னையிலிருந்தே மீதி விவரங்களைப் பதிவு செய்தேன். இதில் வேகம் முக்கியம். ஏமாற்றிய பணத்தை அவர்கள் ஒரே கணக்கில் வைத்திருப்பதில்லை. நிமிடக்கணக்கில் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றி, ஏ.டி.எம்-மில் எடுத்துவிடுவார்கள். அதற்கு முன் தகவல் போனால் வங்கியால் நிறுத்தி வைக்க முடியும். திண்டுக்கல்லில் மாவட்டத்துக்கான சைபர் க்ரைம் காவல் நிலையமும் இருக்கிறது.

``ரெண்டாயிரம் ரூபாய்க்கு எதுக்குடா போலீஸ் கேஸு?'' என்று மாமா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால், ஆளுக்கு 2,000 என்று போவதால்தான் யாரும் புகார் கொடுப்பதில்லை என்ற தெம்பு அந்த ஆட்களுக்கு இருக்கிறது. நூவில் 28,000 வழக்குகள் தெரியவந்தது என்றால், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒருவர் வெட்கத்தை விட்டு புகார் எழுதியிருக்கிறார். மாமாவின் பணம் இதை எழுதும் வரை வரவில்லை. அவரே பின் நம்பர் போட்டு அனுப்பியது என்பதால், வங்கி ஈடுகட்டும் என்ற நம்பிக்கையும் பெரிதாக இல்லை.

கேமரா என்னவாயிற்று?

விளம்பரத்தை எடுக்கவில்லை. அடுத்த வாரம் மூன்று பேர் விசாரித்தார்கள். அதில் ஒருவர் வத்தலக்குண்டில் கல்யாண போட்டோ எடுக்கும் பையன். இதுவரை எத்தனை ஷாட் ஓடியிருக்கிறது, லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா (மலைக்குளிரில் அது சகஜம்), பேட்டரி ஒரிஜினலா என்று போனிலேயே குடைந்தெடுத்திருக்கிறார். பிறகு பஸ் ஏறி வந்தார். வீட்டுக்கு வரச் சொல்லாமல், மூஞ்சிக்கல்லில் தெரிந்தவர் ஸ்டுடியோவில் வைத்துக் காட்டினார் மாமா. 20,000-த்தில் ஆரம்பித்தாராம் அந்தப் பையன். முக்கால் மணி நேரம், இரண்டு டீ. 24,500-க்கு முடிந்தது. பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே கேமரா கைமாறியது. ஸ்டுடியோக்காரர் சாட்சிக் கையெழுத்து போட்டார்.

ஃபீஸ் கட்டியாயிற்று. அத்தைக்குத்தான் இன்னும் ஆறவில்லை. 2,000 ரூபாய் போனதைப் பற்றிக்கூட இப்போது அவ்வளவாகப் பேசுவதில்லை. ``கேமரா பையையும் சேத்து சும்மா குடுத்துட்டு வந்துருக்காருடா உங்க மாமா!''