விட்டுவிட்டால் மட்டும் போதுமா?

கடலோரத்தில் தூண்டில் போடுவது பலருக்கு இனிய பொழுதுபோக்கு. பிடித்த மீனைக் கடலிலேயே விட்டுவிட்டால் யாருக்கும் நட்டமில்லை என்பது பொதுவான எண்ணம். இது எந்த அளவுக்கு உண்மை? அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் ‘ஸ்டிரைப்ட் பாஸ்’ மீனின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

1860களில் இம்மீனைத் தூண்டிலில் பிடிப்பது செல்வந்தர்களின் விளையாட்டாக இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கட்டிஹங்க் தீவில் அவர்கள் மன்றம் அமைத்து, பாறைகளின்மேல் மேடை கட்டி மீன் பிடித்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடியிழைத் தூண்டில் கோல்கள் பரவலாகக் கிடைக்கவே, சாதாரண மக்களும் கடற்கரையில் திரண்டார்கள்.

விளைவு என்ன? வணிக மீனவர்களும் சேர்ந்து அளவுக்கு மீறிப் பிடித்ததால் மீன்வளம் குன்றியது. 1973இல் ஏறக்குறைய 15 மில்லியன் பவுண்டாக இருந்த வணிகப் பிடிப்பு 1983இல் 3.5 மில்லியனாகச் சரிந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. இம்மீன்களில் பெரும்பகுதி முட்டையிடும் செசபீக் விரிகுடாவை ஒட்டிய மேரிலாந்து மாநிலம், 1985 முதல் 5 ஆண்டுகளுக்கு இவற்றைப் பிடிக்கத் தடை விதித்தது. பொறுமைக்குப் பலன் கிடைத்தது. 1995இல் மீன்வளம் மீண்டுவிட்டதாக அறிவிக்கப்பட்டது.

ஆயினும், 2019இல் வெளியான ஆய்வு அது மறுபடியும் குன்றிவிட்டதைக் காட்டியது. இம்முறை வணிக வலையைவிடத் தூண்டிலின் பங்கே அதிகம். பிடிபடும் 10 மீன்களில் ஏறக்குறைய 9 திரும்ப விடப்படுகின்றன. ஆனால், அப்படி விடப்படும் 100 மீன்களில் 9 இறந்துவிடுவதாக மீன்வள அதிகாரிகள் கணக்கிடுகிறார்கள். மில்லியன் கணக்கில் பிடித்து விடும்போது இந்த இழப்பு பெருந்தொகையாகிறது. 2017இல் மனிதர்களால் மடிந்த ஸ்டிரைப்ட் பாஸ் மீன்களில் ஏறக்குறைய பாதி இப்படி ‘விடப்பட்டவை’தான்!

அதனால்தான் புதிய விதிகள் வந்தன. இரை கோத்துப் பிடிப்போர் வட்ட வடிவ முள்ளைப் பயன்படுத்த வேண்டும் என்பது 2021இல் கட்டாயமானது. இந்த முள் தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டும். 2023இல், கடலில் பிடிபடும் மீன் 31 அங்குலத்தைத் தாண்டினால் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்ற அவசர விதி வந்தது. பெரிய பெண் மீன்களே ஏராளமாக முட்டையிடும்.

2019 முதல் 2024 வரை மேரிலாந்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்புகளில் குஞ்சுகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் சராசரிக்கும் கீழேயே இருந்தது. எனவே, வளர்ந்த ஒவ்வொரு மீனும் முக்கியம். மீனை நீண்ட நேரம் களைப்படைய விடாமல் விரைவாக இழுப்பது, ஈரக் கையால் தொடுவது, படம் எடுப்பதற்காக வெயிலில் தூக்கிப் பிடிக்காமல் இருப்பது ஆகியவை செலவில்லாத வழிகள். எந்தக் கரையில் தூண்டில் போடுவோருக்கும் இவை பொருந்தும். மீனை விட்டால் மட்டும் போதாது. அது பிழைக்கும்படி விட வேண்டும்.